நலிந்த மாநிலத்துக்கு வேலை கொண்டுவர எந்த வழி? நான்கு வழிகளும் அவற்றின் நிஜ விலையும்

அமெரிக்காவில் கவர்னர் தேர்தல் நெருங்கினால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். ஆலை மூடிவிட்டது, படித்த பிள்ளைகள் டெக்சாஸுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் போய்விட்டார்கள், வீட்டை விற்கலாமென்றால் வாங்க ஆளில்லை, இந்த மாநிலத்துக்கு வேலை வர என்னதான் வழி? வரியைக் குறை, தானாக வருவார்கள் என்பார் ஒருத்தர். ஒரு பெரிய கார் கம்பெனியைப் பிடித்துவந்தால் போதும் என்பார் இன்னொருத்தர். மூன்றாமவர் காலேஜ் என்பார். நாலாவது ஆள் சிறுதொழில் என்று ஆரம்பிப்பார், அவர் முடிப்பதற்குள் மற்ற மூவரும் எழுந்துபோயிருப்பார்கள். நாலு பேரிடமும் உதாரணம் இருக்கும், அதுதான் சிக்கல். நாலுமே எங்கோ ஓர் இடத்தில் பலித்திருக்கிறது, பாதிக்கு மேல் எங்கோ ஓர் இடத்தில் கவிழ்ந்தும் இருக்கிறது.

சரி, கணக்காகவே பார்ப்போம். நீங்கள்தான் கவர்னர். மாநிலம் 2009-ல் மிச்சிகன் இருந்த நிலையில் இருக்கிறது, அதாவது வேலையில்லாதவர்கள் 14 சதவீதத்தை ஒட்டி. (2000-க்கும் 2010-க்கும் நடுவில் ஐம்பது மாநிலங்களில் மக்கள்தொகை குறைந்தது மிச்சிகனில் மட்டும்தான்.) கையில் 100 கோடி டாலர். எதில் போடுவீர்கள்?

பதில் சொல்வதற்கு முன் ஒன்று. வாஷிங்டனில் இருக்கிற மத்திய அரசு மாதிரி கடன் வாங்கி வருடக்கணக்கில் பற்றாக்குறையில் ஓட மாநிலங்களால் முடியாது. ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் வரவும் செலவும் சமமாக இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அதனால் இந்த 100 கோடி எங்கிருந்தோ எடுத்ததாகத்தான் இருக்கும். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்தோ, பழுதான பாலத்திலிருந்தோ.

## முதலில், எதை வைத்து எடை போடுவது

"எத்தனை வேலை வரும்?" என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு முடிவெடுத்தவர்கள்தான் அதிகம் ஏமாந்திருக்கிறார்கள். நான் ஐந்து கேள்வி வைத்துக்கொள்வேன்.

ஒரு வேலைக்கு என்ன விலை விழுகிறது? கம்பெனிக்கு அரசு விட்டுக்கொடுக்கிற வரி, கொடுக்கிற பணம் எல்லாம் சேர்ந்த மொத்தச் சலுகையை வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும். இவ்வளவு எளிய கணக்கை ரிப்பன் வெட்டும் மேடையில் யாரும் போடுவதில்லை.

அந்த வேலை யாருக்குப் போகிறது? ஆலை மூடியதில் வேலையிழந்த உள்ளூர்க்காரருக்கா, வெளி மாநிலத்திலிருந்து புதிதாக வருபவருக்கா? புது ஆள் வந்தால் கெடுதல் என்று சொல்லவில்லை. ஆனால் அவரோடு பள்ளிச் செலவும் சாலைச் செலவும் சேர்ந்தே வரும், பழைய ஆள் இருந்த இடத்திலேயே இருப்பார்.

எத்தனை வருஷம் ஆகும்? கவர்னரின் பதவிக்காலம் நான்கு வருஷம். நல்ல முதலீடுகளில் பாதி அதற்குள் பலன் தராது.

சலுகையே கொடுக்காவிட்டாலும் வந்திருப்பார்களா? இதுதான் யாருக்கும் பிடிக்காத கேள்வி. கலமசூ நகரில் இருக்கிற அப்ஜான் ஆய்வு நிறுவனத்தின் டிமத்தி பார்ட்டிக் இதையே வாழ்நாள் வேலையாகச் செய்துவருபவர். சலுகை பெற்ற கம்பெனிகளில் சலுகையால் மட்டுமே முடிவை மாற்றிக்கொண்டவை ஏறத்தாழ 2 முதல் 25 சதவீதம்தான் இருக்கும் என்பது 2018-ல் அவர் கொடுத்த மதிப்பீடு. உயர்ந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும் நான்கில் மூன்று பேர் எப்படியும் வந்திருப்பார்கள், அவர்களுக்குக் கொடுத்த பணம் ஆற்றில் போட்டதுதான்.

கடைசியாக, வந்தவர்கள் கிளம்பிவிட்டால் என்ன மிஞ்சும்? என் கணக்கில் இதற்குத்தான் எடை அதிகம். காரணம் கீழே போகப்போகத் தெரியும்.

## வழி 1: பெரிய கம்பெனியைப் பேசி இழுத்துவருவது

இது புதுப் பழக்கம் இல்லை. 1936-லேயே மிசிசிப்பி மாநிலம், கவர்னர் ஹியூ வைட் காலத்தில், ஊர்கள் கடன் பத்திரம் வெளியிட்டுத் தொழிற்சாலை கட்டித்தரலாம் என்று சட்டம் போட்டது. பாஸ்ககூலாவின் கப்பல் கட்டும் தளம் அந்த வழியில் வந்ததுதான், இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துப் பக்கத்து மாநிலங்களும் ஆரம்பித்தன, அப்புறம் நிறுத்தவே முடியவில்லை.

பலித்த கதையை முதலில் சொல்கிறேன். 1993-ல் அலபாமா மெர்சிடிஸ் ஆலைக்காக 25.3 கோடி டாலர் சலுகை கொடுத்தது. அப்போது சொன்னது 1,500 வேலை. வகுத்துப் பாருங்கள், ஒரு வேலைக்கு ஏறத்தாழ 1,69,000 டாலர். நாடே சிரித்தது. சலுகை கொடுத்த கவர்னர் ஜிம் ஃபோல்சம் அடுத்த வருஷத் தேர்தலில் தோற்றார். ஆனால் 1997-ல் வான்ஸ் என்ற சின்ன ஊரில் கார் வெளியே வந்தது, 2001-ல் ஹோண்டா, 2005-ல் மான்ட்காமரியில் ஹூண்டாய், 2021-ல் ஹன்ட்ஸ்வில்லில் மாஸ்டாவும் டொயோட்டாவும் சேர்ந்து ஒன்று. கார் ஆலை என்றால் சீட் செய்பவர், கண்ணாடி செய்பவர், பம்பர் செய்பவர் எல்லாரும் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். அடுத்து வருகிற ஆலைக்கு அந்தக் கூட்டமே பெரிய சலுகை. 1993-ல் முட்டாள்தனமாகத் தெரிந்த கணக்கு இருபது வருஷத்தில் வேறு மாதிரி தெரிந்தது.

இனி மற்றது. 1978-ல் பென்சில்வேனியாவின் வெஸ்ட்மோர்லாண்டில் ஃபோக்ஸ்வாகன் ஆலை திறந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஒரு வெளிநாட்டு கார் கம்பெனி அமெரிக்காவில் பெரிதாகத் திறந்த முதல் ஆலை. மாநில அரசு கடனும் சாலையும் ரயில் பாதையும் கொடுத்தது. சின்ன காருக்கு இருந்த கிராக்கி குறைந்தது, ஜப்பான்காரர்கள் முந்தினார்கள், 1988-ல் ஆலைக்குப் பூட்டு. பத்தே வருஷம்.

அப்புறம் விஸ்கான்சின் மாநிலமும், ஃபாக்ஸ்கான் என்ற தைவான் மின்னணுக் கம்பெனியும். இதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்.

2017 ஜூலையில் வெள்ளை மாளிகையில் அறிவிப்பு. 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை, பெரிய டிவி திரைகள் செய்யும் ஆலை. மாநிலம் ஒத்துக்கொண்ட சலுகை மட்டும் 300 கோடி டாலர் அளவில், ஒரு வேலைக்கு ஏறத்தாழ 2,30,000 டாலர். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் கவனிக்காதது. விஸ்கான்சினில் உற்பத்தித் தொழிலுக்கு மாநில வருமான வரி ஏற்கெனவே கிட்டத்தட்ட இல்லை. அதனால் "வரிச்சலுகை" என்று பெயர்தானே தவிர, குறைக்க வரியே கிடையாது, கருவூலத்திலிருந்து காசோலையாகத்தான் போயிருக்கும். போட்ட பணம் மாநிலத்துக்குத் திரும்பிவர 2042-43 ஆகும் என்று சட்டமன்றத்தின் சொந்த நிதி அலுவலகமே எழுதிக்கொடுத்தது. அதுவும் எல்லாம் சொன்னபடி நடந்தால். ஒரு டிவி திரைத் தொழில்நுட்பம் 25 வருஷம் தாங்கும் என்று நம்பிப் போட்ட கணக்கு, யோசித்துப் பாருங்கள்.

ஆலை வரவேண்டிய ஊர் மவுண்ட் ப்ளெசன்ட். முட்டைக்கோஸ் வயல்களும் வரிசையாகச் சில வீடுகளும் இருந்த இடம். நிலம் தேவைப்பட்டது, ஊராட்சி கடன் வாங்கி வீடுகளை வாங்க ஆரம்பித்தது, விற்க மறுத்தவர்களின் வீடுகளையும் எடுக்க வழி வேண்டி அந்தப் பகுதியையே "சீர்கெட்ட பகுதி" என்று அறிவித்தது. புல் வெட்டி, பூச்செடி வைத்து வாழ்ந்துகொண்டிருந்தவர்களின் வீடுகள் அவை. சாலைகளை அகலப்படுத்தினார்கள், தண்ணீர்க் குழாய் போட்டார்கள், மின்கம்பிகள் வந்தன. ஆலைதான் வரவில்லை. முதலில் பெரிய திரை என்றார்கள், பிறகு சின்னத் திரை, பிறகு வேறு ஏதேதோ. 2018-ல் கவர்னர் ஸ்காட் வாக்கர் தேர்தலில் தோற்றார். 2021-ல் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினார்கள். 13,000 வேலை 1,454 ஆனது, முதலீடு 67.2 கோடி, சலுகை 8 கோடி.

இதில் மாநிலத்தைக் காப்பாற்றியது ஒரே ஒரு விஷயம். வேலை கொடுத்துக் காட்டினால்தான் பணம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. 2020-ல் கம்பெனி கேட்டபோது, நீங்கள் ஒப்பந்தத்தில் சொன்ன ஆலையையே கட்டவில்லை என்று மாநிலம் கொடுக்க மறுத்தது. ஊராட்சியால் அப்படி மறுக்க முடியவில்லை, ஏனென்றால் அது முன்கூட்டியே செலவழித்துவிட்டது. ஆனால் கதை இங்கேயும் முடியவில்லை. அந்தத் தண்ணீரையும் மின்சாரத்தையும் பார்த்துத்தான் 2023-ல் மைக்ரோசாஃப்ட் அங்கே நிலம் வாங்கியது, 2024-ல் 330 கோடி டாலரில் தரவு மையம் என்று அறிவித்தது. கம்பெனிக்குக் கொடுக்கப் பேசிய பணத்தில் எதுவும் மிஞ்சவில்லை, மண்ணில் புதைத்த குழாய் மிஞ்சியது. (தரவு மையம் கட்டும்போது ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும், ஓட ஆரம்பித்த பிறகு சில நூறு பேர் போதும், அது தனிப் பேச்சு.)

மறைந்திருக்கும் செலவு இன்னொன்று, எல்லைச் சண்டை. கன்சாஸ் சிட்டி இரண்டு மாநிலங்களில் பரவிக்கிடக்கிற ஊர், நடுவில் ஸ்டேட் லைன் ரோடு என்று ஒரு சாலை, இந்தப் பக்கம் மிசூரி, அந்தப் பக்கம் கன்சாஸ். பல வருஷம் இரு மாநிலங்களும் மாறிமாறிச் சலுகை கொடுத்து ஒருவரிடமிருந்து ஒருவர் கம்பெனிகளைப் பறித்தார்கள். ஏஎம்சி தியேட்டர் கம்பெனி மிசூரியிலிருந்து கன்சாஸுக்குப் போனது, ஆப்பிள்பீஸ் என்ற உணவகக் கம்பெனி கன்சாஸிலிருந்து மிசூரிக்கு வந்தது. ஊழியர் அதே வீட்டில் இருக்கிறார், அதே பிள்ளைகளை அதே பள்ளியில் விடுகிறார், காலையில் காரை வேறு பக்கம் திருப்புகிறார், அவ்வளவுதான். அதை இரண்டு அரசுகளும் "புதிய வேலை" என்று கணக்கெழுதின. 2019-ல்தான் இருவரும் சலித்துப்போய், இந்த எல்லைப் பகுதியில் இனி இது வேண்டாம் என்று உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

இந்த வழி எப்போது சரி: வருகிற ஆலை தன்னோடு உதிரிபாகக்காரர்களையும் கூட்டிவரும் ரகமாக இருந்தால், உங்களிடம் ஏற்கெனவே ஆள்பலமும் ரயிலும் துறைமுகமும் இருந்து கடைசி ஒரு தள்ளு மட்டும் தேவைப்பட்டால், பணம் வேலைக்குப் பின்னால் போகும்படி ஒப்பந்தம் எழுத முடிந்தால். மாநிலத்தில் இல்லாத தொழிலை, இல்லாத ஆட்களை நம்பி, தேர்தலுக்கு முந்தின வருஷம் இழுப்பதானால் வேண்டாம்.

## வழி 2: எல்லாருக்கும் வரியைக் குறைப்பது

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு கம்பெனிக்கு மட்டும் ஏன், எல்லாருக்கும் குறை, அரசு யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டாம், லஞ்சத்துக்கும் இடமில்லை. நேர்மை என்று பார்த்தால் முதல் வழியைவிட இது மேல், அதை மறுக்கவில்லை.

இதை முழு வேகத்தில் செய்து பார்த்தவர் கன்சாஸ் கவர்னர் சாம் பிரவுன்பேக். 2012-ல் கையெழுத்திட்ட சட்டம் உச்ச வருமான வரியை 6.45 சதவீதத்திலிருந்து 4.9 ஆக்கியது, தொழிலின் லாபத்தைச் சொந்த வருமானமாகக் காட்டுகிற தொழில்முனைவோருக்கு அந்த வருமானத்தின் மேல் மாநில வரியே இல்லை என்றது. புதுக் கடைகளும் பட்டறைகளும் முளைக்கும் என்று எதிர்பார்ப்பு. நடந்தது என்னவென்றால், ஏற்கெனவே இருந்தவர்கள் கணக்கை மாற்றி எழுதிக்கொண்டார்கள். நேற்றுவரை சம்பளம் வாங்கியவர் இன்று தன் பெயரில் ஒரு கம்பெனி, அதற்கு வரியில்லை. வேலை அதே வேலை, மேசை அதே மேசை.

வருவாய் சரிந்தது, கடன் தரமதிப்பீடு இறங்கியது, நெடுஞ்சாலைக்கு ஒதுக்கிய நிதியை எடுத்து ஓட்டையை அடைத்தார்கள். 2015-ல் ஒன்றிரண்டு பள்ளி மாவட்டங்கள் பணமில்லாமல் கல்வியாண்டையே சில நாள் முன்னதாக முடித்தன. அதே வருஷம் விற்பனை வரியை 6.15-லிருந்து 6.5 சதவீதமாக ஏற்றினார்கள், மளிகைக்கும் சேர்த்து. மேலே குறைத்ததைக் கீழே வாங்கினார்கள் என்று சொன்னால் தப்பில்லை. 2017-ல் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே எதிர்க்கட்சியோடு சேர்ந்து அவருடைய தடையை மீறிச் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

இதையே கொஞ்சம் நிதானமாகச் செய்த இடமும் உண்டு. வட கரோலைனா 2013-ல் ஆரம்பித்து, கம்பெனி வரியை 6.9 சதவீதத்திலிருந்து படிப்படியாக இறக்கி 2019-ல் 2.5-க்குக் கொண்டுவந்தது. ஆனால் கூடவே விலக்குகளை வெட்டியது, விற்பனை வரியைப் புதிய சேவைகளுக்கு விரித்தது. கருவூலம் கன்சாஸ் மாதிரி கவிழவில்லை. ஆனால் கம்பெனிகள் அங்கே போனதற்கு வரிதான் காரணமா, ஐம்பது வருஷமாக அங்கே குவிந்திருந்த படித்த ஆட்கள் காரணமா என்று கேட்டால் நான் இரண்டாவதுக்குத்தான் கை தூக்குவேன்.

மறைந்திருக்கும் செலவு வெளிப்படையானதுதான்: கொடுத்த வரிக்குறைப்பைத் திரும்ப வாங்குவது அரசியலில் மிகக் கஷ்டம், கன்சாஸுக்கே ஐந்து வருஷம் ஆனது. அப்புறம் குறைப்பில் பெரும்பகுதி, எப்படியும் இங்கேயே இருந்திருக்கக் கூடிய கம்பெனிகளுக்குத்தான் போகும்.

எப்போது சரி: உங்கள் வரி பக்கத்து மாநிலங்களைவிட வெகுவாக உயர்ந்து, கம்பெனிகள் எல்லையைத் தாண்டுவது கண்ணுக்குத் தெரிந்தால். அல்லது ஆயிரம் விலக்கும் ஓட்டையுமாக இருக்கிற வரியைச் சுத்தம் செய்யும்போது. ஏற்கெனவே பஞ்சத்தில் இருக்கும் மாநிலத்துக்கு முதல் மருந்தாக இதைக் கொடுக்கமாட்டேன்.

## வழி 3: படிப்பிலும் ஆராய்ச்சியிலும் போடுவது

வட கரோலைனா என்றேனே, அந்தக் கதை 1950-களில் ஆரம்பிக்கிறது. புகையிலை, நெசவு, மரச்சாமான், இந்த மூன்றை நம்பி இருந்த மாநிலம். தலைவீத வருமானத்தில் நாட்டின் கடைசி வரிசை. டர்ஹமில் டியூக், சாப்பல் ஹில்லில் மாநிலப் பல்கலைக்கழகம், ராலேயில் இன்னொன்று. மூன்றிலும் படித்து முடித்தவுடன் பிள்ளைகள் வடக்கே ரயில் ஏறிவிடுவார்கள். மூன்றுக்கும் நடுவில் வெறும் பைன் காடு. அந்தக் காட்டை வாங்கி ஆராய்ச்சிப் பூங்கா ஆக்கலாம் என்று கவர்னர் லூதர் ஹாட்ஜஸ் காலத்தில் முடிவாகி 1959-ல் திறந்தார்கள். ஆர்ச்சி டேவிஸ் என்ற வங்கியாளர் மாநிலம் முழுக்கச் சுற்றி நன்கொடை திரட்டினார்.

திறந்ததும் கூட்டம் வந்ததா? இல்லை. முதல் ஐந்தாறு வருஷம் கிட்டத்தட்ட காலியாகக் கிடந்தது. 1965-ல் ஐபிஎம் வருகிறேன் என்றது, அதே வருஷம் மத்திய அரசின் சுற்றுச்சூழல் நல ஆய்வு மையமும் உறுதியானது, அங்கிருந்துதான் ஓட்டம். ஹாட்ஜஸ் 1961-லேயே பதவியிலிருந்து இறங்கிவிட்டார். விதைத்தவர் ஒருவர், ரிப்பன் வெட்டியவர் இன்னொருவர். இன்று அங்கே ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள்.

ஆனால் இதன் குறையையும் அதே மாநிலத்திலேயே காட்டலாம். அங்கிருந்து இரண்டு மணி நேரக் கார் பயணத்தில் கன்னாபொலிஸ், துவாலையும் படுக்கை விரிப்பும் செய்த ஊர். 2003 ஜூலையில் பில்லோடெக்ஸ் ஆலை மூடியது, அந்த ஊரில் மட்டும் நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நாளில் வேலை போனது, மாநில வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய ஆட்குறைப்பு அதுவரை இல்லை. பக்கத்தில் நாட்டின் பேர்பெற்ற ஆராய்ச்சிப் பூங்கா இருந்தும், முப்பது வருஷம் தறி ஓட்டிய பெண்ணுக்கு அதில் இடமில்லை. மாநிலத்தின் சராசரி உயரும், அவருடைய தெரு உயராது.

அதனால் "படிப்பு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக்கூடாது, இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் ஒன்று, தொழில் கற்றுத்தரும் கம்யூனிட்டி காலேஜ் இன்னொன்று. இரண்டாவதைப் பற்றி யாரும் மேடையில் பேசமாட்டார்கள், எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை அதிகம். தென் கரோலைனாவைப் பாருங்கள். 1961-ல் கவர்னர் ஹாலிங்ஸ் காலத்தில் தொழிற்கல்லூரி வரிசையை ஆரம்பித்தார்கள், அதுவும் நெசவை நம்பிய மாநிலம்தான். பிஎம்டபிள்யூ ஸ்பார்டன்பர்க்கைத் தேர்ந்தெடுத்தது 1992-ல். சலுகையும் வாங்கினார்கள், உண்மைதான், ஆனால் நடுவில் முப்பது வருஷம் அந்தப் பகுதியில் மெஷின் ஓட்டவும் பழுதுபார்க்கவும் தெரிந்த ஆட்கள் உருவாகியிருந்தார்கள். பக்கத்து ஜார்ஜியா 1967 முதல் க்விக் ஸ்டார்ட் என்ற திட்டத்தில், வருகிற கம்பெனியின் வேலைக்கு ஏற்ப ஆட்களை இலவசமாகப் பயிற்றுவித்துக் கொடுக்கிறது. கம்பெனி நாளைக்கு மூடினாலும் வெல்டிங் கற்றவரின் கையில் வெல்டிங் இருக்கும். டென்னசி 2014-ல் சட்டம் போட்டு, பள்ளி முடித்த பிள்ளைகளுக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தையே இல்லாமல் செய்தது.

மறைந்திருக்கும் செலவு, கசிவு. நீங்கள் படிக்கவைப்பீர்கள், பக்கத்து மாநிலம் சம்பளம் கொடுத்துக் கூட்டிப்போகும். நாலு வருஷப் பட்டம் வாங்கியவர் பறப்பது சுலபம், இரண்டு வருஷத் தொழிற்படிப்பு படித்தவர்கள் பெரும்பாலும் ஊரிலேயே தங்குவார்கள், இதுவும் கணக்கில் வர வேண்டும்.

எப்போது சரி: எப்போதுமே. ஆனால் பலனுக்குப் பத்து முதல் இருபது வருஷம் காத்திருக்கும் பொறுமையும், இப்போதைய பசிக்கு வேறு ஏதாவது ஏற்பாடும் இருந்தால்.

## வழி 4: இருக்கிற சின்னக் கம்பெனிகளை வளர்ப்பது

இதைப் பற்றி எழுதினால் வாசிக்க ஆள் குறைவு. 40 பேர் வேலை செய்யும் லேத் பட்டறை 46 பேரை எடுத்தது என்பது செய்தியாகாது. ஆனால் அப்படி நூறு பட்டறை என்றால் 600 வேலை, ஒரு ரிப்பன்கூட வெட்டாமல்.

கொலராடோவின் லிட்டில்டன் நகரம் 1980-களின் பிற்பாதியில், பெரிய ஆட்குறைப்பு ஒன்றில் அடிபட்ட பிறகு, வெளியே போய் வேட்டையாடுவதை நிறுத்திவிட்டு உள்ளூர்த் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவோம் என்று மாறியது. பணம் கொடுக்கவில்லை. சின்னக் கம்பெனிகளுக்குச் சொந்தமாக வாங்க முடியாத சந்தைத் தகவல், போட்டியாளர் யார், வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்ற வரைபடம், இவற்றை நகரமே தேடிக்கொடுத்தது. 1988-ல் மத்திய அரசு தொடங்கிய உற்பத்தி விரிவாக்கத் திட்டமும் இதே சாயல்தான். ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு மையம், அனுபவமுள்ள பொறியாளர் பட்டறைக்கே வந்து, இந்த மெஷினை அங்கே நகர்த்தினால் பாதி நேரம் மிச்சம், இந்தத் தரச்சான்று வாங்கினால் விமானக் கம்பெனிக்கு விற்கலாம் என்று சொல்லிக்கொடுப்பார். வயலுக்கு வந்து ஆலோசனை சொல்லும் வேளாண்மை அலுவலர் மாதிரி. பார்ட்டிக்கும், ஒரு வேலைக்கு ஆகிற செலவில் இந்த ரகச் சேவை ரொக்கச் சலுகையைவிட வெகு மலிவு என்றே திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

ஓர் எச்சரிக்கை. "சிறு தொழில்தான் வேலை தருகிறது" என்ற வாசகத்தை அப்படியே நம்பவேண்டாம். ஹால்டிவாங்கர் என்ற பொருளாதார அறிஞரும் சகாக்களும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு, வேலையை உருவாக்குவதில் கம்பெனியின் அளவைவிட வயதுதான் முக்கியம் என்று காட்டியது. இளம் கம்பெனிகள் நிறைய வேலை உண்டாக்குகின்றன, நிறைய செத்தும் போகின்றன. முப்பது வருஷமாக எட்டுப் பேரோடு ஓடும் கடை அடுத்த முப்பது வருஷமும் எட்டுப் பேரோடுதான் ஓடும், அதற்கு மானியம் கொடுத்துப் பயனில்லை. வளரத் துடிப்பவரைக் கண்டுபிடிப்பதுதான் வேலை, அதற்கு நல்ல அதிகாரி வேண்டும், அவர் கிடைப்பது பணத்தைவிட அரிது.

## ஒரே பார்வையில்

| | பெரிய கம்பெனி | வரிக்குறைப்பு | படிப்பு, ஆராய்ச்சி | உள்ளூர்க் கம்பெனி |
|---|---|---|---|---|
| ஒரு வேலையின் விலை | மிக அதிகம் | கணக்கிடவே கடினம், பெரும்பாலும் அதிகம் | நடுத்தரம், முதலிலேயே போட வேண்டும் | குறைவு |
| யாருக்கு | பாதிக்கு மேல் வெளியாட்கள் வரக்கூடும் | லாபம் காட்டுபவர்களுக்கு | இளையவர்களுக்கு | உள்ளூர்க்காரருக்கு |
| காலம் | 3–5 வருஷம் | சட்டம் உடனே, பலன் சந்தேகம் | 10–20 வருஷம் | 1–3 வருஷம், சின்னச் சின்னதாக |
| போனால் மிஞ்சுவது | சாலை, குழாய், உதிரிபாகக்காரர்கள் | ஒன்றுமில்லை | கற்ற ஆள், கல்லூரி | கம்பெனியே உள்ளூரில் |
| பெரிய ஆபத்து | ஏமாற்றம், எல்லைச் சண்டை | கருவூலம் காலி | கசிவு, பொறுமையின்மை | அளவு போதாது |

## காசு அதிகம் கேட்காத சில குறுக்கு வழிகள்

சட்டத்தை மாற்றியே வேலை கொண்டுவந்தவர்களும் இருக்கிறார்கள். தெற்கு டகோட்டா 1980-ல் வட்டிக்கு இருந்த உச்சவரம்பை நீக்கியது, அடுத்த வருஷமே சிட்டிபேங்க் தன் கிரெடிட் கார்டு பிரிவை நியூயார்க்கிலிருந்து சூ ஃபால்ஸுக்கு மாற்றியது. மாநிலத்துக்குப் பைசா செலவில்லை. வங்கி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வட்டியை நாடு முழுக்க வாங்கலாம் என்பதால், செலவு வேறு யாருக்கோ, நாடு முழுக்கக் கார்டு வைத்து வட்டி கட்டியவர்களுக்கு. இந்த வித்தையில் முதலில் போனவருக்குத்தான் பலன், அடுத்த வருஷமே டெலவேரும் அதே மாதிரிச் சட்டம் போட்டுவிட்டது.

ஓக்லஹோமாவின் டல்சா, 2018 முதல், வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் குடிவந்தால் 10,000 டாலர் கொடுக்கிறது, பணம் ஓர் அறக்கட்டளையிலிருந்து. ஒரு ஊருக்கு நல்ல யோசனை, மாநிலத்தையே தூக்க இது போதாது.

## சரி, எதை எடுப்பது

ஒரே ஊரை நம்பிய மாநிலமும், நாலு ஊர் இருந்தும் சோர்ந்துபோன மாநிலமும் ஒன்றல்ல. நல்ல பல்கலைக்கழகம் இருந்தும் பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்றால் வழி மூன்று உங்களுக்கு ஏற்கெனவே பாதி முடிந்துவிட்டது, அங்கே வேலை உருவாக்கும் இளம் கம்பெனிகளில் போடுங்கள். பிட்ஸ்பர்க் அப்படித்தான் மெல்ல எழுந்தது. எஃகுக் கம்பெனிக்காகக் கட்டிய வானுயரக் கட்டடத்தின் உச்சியில் இன்று ஒரு மருத்துவக் குழுமத்தின் பெயர் இருக்கிறது. அதற்கு முப்பது வருஷம் ஆனது, 1950-லிருந்து பார்த்தால் நகரத்தில் ஆட்களும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பல்கலைக்கழகமே இல்லாத, ஆனால் மெஷின் தெரிந்த ஆட்கள் இருக்கிற பகுதி என்றால் வழி நான்கும் கம்யூனிட்டி காலேஜும். ரயில், துறைமுகம், நிலம், ஆள் எல்லாம் தயாராக இருந்து ஒரு பெரிய ஆலை இரண்டு மாநிலத்துக்கு நடுவில் ஊசலாடினால் வழி ஒன்றுக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் ஆலைக்குள் ஆள் வேலைக்கு வந்த பிறகுதான் பணம், வராவிட்டால் திரும்பக் கொடு.

என்னிடம் அந்த 100 கோடியைக் கொடுத்தால் ஏறக்குறைய 40 தொழிற்கல்லூரிகளுக்கும் கம்பெனிக்கேற்ற பயிற்சிக்கும், 20 உள்ளூர்க் கம்பெனிகளுக்கான பொறியாளர் சேவைக்கு, 25 சாலை, தண்ணீர், மின்சாரத்தோடு தயாரான தொழில் மனைகளுக்கு. மீதி 15-ஐத்தான் வருகிற கம்பெனியோடு பேச வைத்துக்கொள்வேன். அமேசான் தன் இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடியபோது 238 இடங்கள் விண்ணப்பம் போட்டன. வர்ஜீனியா கம்பெனிக்குக் கொடுப்பதாகச் சொன்னதைவிட அதிகமாகக் கணினிப் படிப்புக்கு ஒதுக்கியது. 2023-ல் அமேசான் அங்கே இரண்டாம் கட்டக் கட்டுமானத்தைத் தள்ளிவைத்தது. படிப்புக்கு ஒதுக்கிய பணம் வர்ஜீனியாவிலேயேதான் இருக்கிறது.

இதில் எனக்கே திருப்தி இல்லாத ஓர் இடம் உண்டு. 54 வயது, வீட்டுக் கடன் இன்னும் ஏழு வருஷம், முதுகுவலி, ஆலை மூடி எட்டு மாதம். இவரைக் கல்லூரிக்கு அனுப்பலாம், போகமாட்டார், போனாலும் அறுபது வயதில் யார் எடுப்பார்கள்? வீட்டை விற்று வேறு மாநிலத்துக்குப் போகச் சொல்லலாம், அந்த ஊரில் வீடு விலை போகாது, போவதாக இருந்தால் அவர் போன வருஷமே போயிருப்பார். மேலே சொன்ன நான்கு வழிகளில் அவர் கைக்கு எட்டுவது, நாற்பது மைல் தள்ளி இருக்கும் இன்னொரு பட்டறையில் புதிதாக வரும் ஆறு இடங்களில் ஒன்று. காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு அங்கே கொண்டுபோய்விட ஒரு வேனுக்கும் டிரைவருக்கும் அந்த 25 கோடியில் ஓர் ஓரத்தை ஒதுக்கச் சொல்வேன்.